தூங்கும் விதையும் தூங்காத விதையும்

கைக்குழந்தை உள்ள வீடுகளில் உரைமருந்துப் பெட்டி என்று ஒன்று இருந்து வந்தது. வசம்பு, சுக்கு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய் ஆகிய ஐவரும் அதில் வாசம் செய்வார்கள். குளிப்பாட்டிய குழந்தையை மடியிலே கிடத்திக்கொண்டு, ஒவ்வொன்றையும் இத்தனை சுற்று என்று கணக்குப் பண்ணி உரைகல்லில் உரைத்துப் புகட்டினால்தான் நம் பாட்டிமார்களுக்கு மனம் சமாதானப்படும். இக்காலத்து டாக்டர்கள் அதை வேண்டாம் என்கிறார்கள். அந்த வழக்கில் நான் தலையிடப் போவதில்லை. இதைவிட நமக்குச் சொந்தமான பெட்டி வேறில்லை என்று எல்லோரும் எண்ணியிருக்கிறோமே, அந்த எண்ணத்தைப் பற்றித்தான் பேச வந்தேன்.

பெட்டியில் உள்ளவர்களின் பூர்வோத்தரத்தைச் சற்று விசாரித்துப் பாருங்கள். மாசிக்காய் பாரசீகம், துருக்கி முதலிய தேசங்களில் வளரும் ஓக் மரத்தின் கிளையில் ஒரு சிறு பூச்சி முட்டையிடுவதால் உண்டாகும் வீக்கம். அது காயே அல்ல. ஜாதிக்காயோ கிழக்குச் சமுத்திரத்தில், மொலுக்கஸ் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த பாண்டா என்னும் சின்னஞ்சிறு தீவுகளில் பிறந்தது. தாம்பூலத்தில் நாம் செருகும் கிராம்புக்கும் அந்தக் கடல்தான் பிறந்தகம். பஞ்சவாசம் என்று நம் முன்னோர் போற்றிய ஐந்து வாசனைத் திரவியங்களில் ஜாதிக்காயும் இலவங்கமும் சேர்ந்தவை. ஆயிரம் வருஷத்துக்கு மேலாக நம் நாவிலும் நூலிலும் வாழ்ந்தும், அந்த மரங்கள் நம் மண்ணில் வேர் விட்டதென்னவோ சுமார் இருநூறு வருஷங்களுக்கு முன்புதான். அப்படி வேர் விட்ட இடம் எங்கள் ஊரிலிருந்து சில மைல் தூரத்தில் உள்ள குற்றாலம்.

எங்கள் ஊர் பண்பொழி. பைம்பொழில் என்பது பழைய பெயர். மேற்கே மலை, மலையடியில் அனுமன் நதி பாயும் வயல்கள், தனிக் குன்றின் மேல் திருமலைக் குமாரசுவாமி கோயில். செங்கோட்டைத் தாலுகாவோடு சேர்ந்து வெகுகாலம் திருவிதாங்கூர்ச் சீமையில் இருந்த ஊர், 1956-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதியன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஊர் ஓர் அங்குலமும் நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது. மனிதர்களுக்கு இது சுலபம். ஒரு செடியை அதன் சொந்தச் சீதோஷ்ணத்தை விட்டு வேறு மண்ணில், அதுவும் விதையிலிருந்து வளர்ப்பது எவ்வளவு சிரமம் என்பதை எனக்குக் கற்பித்தவை இரண்டு வகை விதைகள்.

முதலாவது காஷ்மீரத்திலிருந்து வந்தது. என்னிடம் படித்த பையன் ஒருவன் பட்டாளத்தில் சேர்ந்து ஸ்ரீநகரில் இருந்தான். விடுமுறையில் வந்தவன், "சார், செடின்னா உங்களுக்கு உயிராச்சே!" என்று சொல்லி ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தான். பழுப்பு நிறமாய், மிளகைவிடச் சற்றுப் பெரியதாய், தோல் சுருங்கிய முப்பது விதைகள் இருந்தன. ஐரிஸ் என்ற பூச்செடியின் விதைகள் அவை. காஷ்மீரத்தில் கல்லறைகளின் மேல் இந்தச் செடியை நட்டு வைப்பது வழக்கம். வசந்தம் பிறந்ததும் நீலமும் வெள்ளையுமாகப் பூத்து நிற்கும். இலைகள் வசம்பு இலைகளைப் போலவே வாள் வாளாக இருக்கும். ஐரோப்பாவில் நீரோரம் வளரும் மஞ்சள் ஐரிஸுக்குத் தாவர சாஸ்திரிகள் 'போலி வசம்பு' என்று பொருள்படும் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இந்த விதையைப் பண்பொழி மண்ணில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் முளைக்காது. காரணம் அதன் பலவீனமல்ல, புத்திசாலித்தனம். மலைநாட்டில் கோடை முடியும் சமயம் காய் வெடித்து விதை தரையில் விழுகிறது. உடனே முளைத்துவிட்டால், அடுத்து வரும் பனியில் அந்தக் குருத்து கருகிப் போகும். ஆகையால் விதை தூங்குகிறது. ஈரமும் குளிருமாகப் பல வாரங்கள் கழிந்த பிறகுதான், 'சரி, குளிர்காலம் போய்விட்டது' என்று கண் விழிக்கிறது. சில ஜாதி ஐரிஸ் விதைகள் ஒரு குளிர்காலத்தை நம்பாமல் இரண்டு, மூன்று என்று வருஷக் கணக்கில் தூங்குவதும் உண்டு.

எங்கள் ஊரில் குளிர்காலத்துக்கு எங்கே போவது? குளிர்சாதனப் பெட்டிக்குத்தான். ஈர மணலில் விதைகளைப் புதைத்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் புட்டியில் இட்டு, இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். என் மனைவி அந்தத் தட்டுக்குக் காஷ்மீர் என்று பெயரிட்டாள். "காஷ்மீரிலே கொஞ்சம் இடம் பண்ணுங்க, தயிர் வைக்கணும்" என்பாள். புரட்டாசியில் வைத்த விதைகளை மார்கழியில் எடுத்து விதைத்தேன். ஐந்து முளைத்தன. தையும் மாசியும் பச்சைக் கத்திகளைப் போல் நிமிர்ந்து நின்றன. பங்குனி வெயிலில் மஞ்சளித்தன. சித்திரையில் தொட்டி வெறுமையாயிற்று. முளைப்பதற்கு மட்டுமல்ல, ஒவ்வொரு வருஷமும் வளர்ந்து பூப்பதற்கும் அதற்கு ஒரு குளிர்காலம் வேண்டியிருந்தது. விதையைப் பெட்டியில் வைக்கலாம். செடியை வைக்க முடியாது.

பிறந்த ஊரின் பஞ்சாங்கம் முழுவதும் விதைக்குள்ளே எழுதப்பட்டிருக்கிறது என்பதை இந்த ஐந்து செடிகளும் எனக்குத் தெளிவாக்கின. அதே பாடத்தை நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து போதித்தது ஜாதிக்காய்.

கடையில் வாங்கும் ஜாதிக்காயை ஆயுள் முழுவதும் விதைத்தாலும் முளைக்காது. ஜாதிக்காய்ப் பழம் மஞ்சள் நிறமாய், சிறு கொய்யாவைப் போல இருக்கும். முற்றியதும் இரண்டாகப் பிளந்துகொள்ளும். உள்ளே பளபளவென்று கருத்த கொட்டை. அதைச் சுற்றிச் சிவப்புப் பட்டு வலை போட்டாற்போல ஜாதிபத்திரி. வலையை உரித்துவிட்டுக் கொட்டையை உலர்த்துவார்கள். குலுக்கிப் பார்த்தால் உள்ளே பருப்பு கடகடவென்று ஓசையிடும். வியாபாரிக்கு அது நல்ல பதம் என்பதற்கு அடையாளம். விதைக்கோ சாவு மணி. பழத்திலிருந்து எடுத்துச் சுமார் பத்து நாளைக்குள் விதைக்காவிட்டால் உயிர் போய்விடும். காரணம் அதன் ஊரில் இருக்கிறது. பாண்டாத் தீவில் பனிக்காலமும் கிடையாது, நீண்ட வறட்சியும் கிடையாது. மரத்தடியில் எந்நாளும் நிழலும் ஈரமும் உண்டு. பிறகு தூங்குவானேன்? தூங்கக் கற்றுக்கொள்ளாத விதை அது.

1973-ஆம் வருஷத்தில் ராபர்ட்ஸ் என்ற விஞ்ஞானி விதைகளை இப்படியே இரண்டாகப் பிரித்து ஆங்கிலத்தில் பெயரிட்டார். உலர்த்திக் குளிரில் வைத்தால் வருஷக் கணக்கில் உயிரோடிருப்பவற்றுக்கு 'வைதிக விதைகள்' என்று பெயர். உலர்ந்தாலே சாகிறவை 'முரண்டு விதைகள்'. நெல், உளுந்து, கத்தரி எல்லாம் வைதிகக் கோஷ்டி. ஜாதிக்காய், கிராம்பு, பலா, மங்குஸ்தான் எல்லாம் முரண்டுக் கோஷ்டி. நார்வே தேசத்தின் வடகோடியில், ஸ்வால்பார்டு தீவில், மலையைக் குடைந்து 2008-இல் ஒரு விதைக் களஞ்சியம் திறந்தார்கள். பூஜ்யத்துக்குப் பதினெட்டு டிகிரி கீழே, உலகத்துப் பயிர்களின் விதைகள் அங்கே பத்திரமாக இருக்கின்றன. ஜாதிக்காய்க்கு அந்த மாளிகையில் இடமில்லை. அதைக் காக்க ஒரே வழி, எங்கேனும் ஒரு மரமாக நிறுத்தி வைப்பதுதான்.

இந்த ஒரு சுபாவம் உலக சரித்திரத்தையே ஆட்டி வைத்திருக்கிறது. 1621-ஆம் வருஷம் டச்சுக் கும்பினியின் அதிபதி கூன் என்பவன் பாண்டாத் தீவுகளைப் படையெடுத்து அழித்தான். சுமார் பதினையாயிரம் என்று மதிக்கப்படும் தீவு மக்களில் ஆயிரம் பேரே மிஞ்சினர் என்று சரித்திர ஆசிரியர்கள் சொல்லுகிறார்கள். மற்றவர் மாண்டும், பட்டினி கிடந்தும், அடிமைகளாகக் கப்பலேறியும் போயினர். ஒரு காயின் வியாபாரம் தங்கள் கையில் மட்டுமே இருக்கவேண்டும் என்பதற்காக நடந்த கொடுமை அது. கிராம்பையும் அம்போய்னா வட்டாரத்தில் மட்டும் நிறுத்திவிட்டு, மற்றத் தீவுகளில் இருந்த மரங்களை வெட்டி எறிந்தார்கள். ஜாதிக்காயைச் சுண்ணாம்பில் தோய்த்துத்தான் வெளியே அனுப்பினார்கள். முளைக்காமல் செய்வதற்கே அந்த ஏற்பாடு என்று வெகுகாலம் பேசப்பட்டது. பூச்சி அரிக்காமலிருக்கச் சுண்ணாம்பு உதவியது உண்மை. ஆனால் உலர்ந்த விதை சுண்ணாம்பு இல்லாமலும் முளைக்காது. டச்சுக்காரரின் பீரங்கியைவிட, விதையின் சுபாவமே அவர்களுடைய ஏகபோகத்துக்கு நல்ல காவலாக இருந்தது.

அந்தக் காவலை மீறியவர் ஒரு பிரெஞ்சுக்காரர். அவர் பெயர் பியேர் புவாவ்ர். அந்தப் பெயருக்கே மிளகு என்றுதான் அர்த்தம்! உயிருள்ள நாற்றுகளையும் புது விதைகளையும் மறைவாகக் கொண்டுவரச் செய்து, 1770-இல் மோரீஸ் தீவில் நடுவித்தார். அங்கிருந்து அந்தப் பக்கத்துத் தீவுகள் வழியாகக் கிராம்பு ஜான்ஸிபாருக்குப் போய்ச் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான்ஸிபார் உலகத்தின் கிராம்புக் களஞ்சியமாயிற்று. அங்கேயும் அடிமைகளின் உழைப்பினாலேதான். நாற்றைக் கப்பலில் கொண்டுவருவது அப்போது லேசான காரியமல்ல. கண்ணாடிப் பெட்டிக்குள் செடியை அடைத்து அனுப்பும் முறையை வார்டு என்ற லண்டன் வைத்தியர் கண்டுபிடித்து, 1833-இல்தான் கடல் கடந்து அனுப்பிப் பார்த்தார். அதற்கு முன்னெல்லாம் மேல்தட்டில் மரத்தொட்டிகளை வைத்து, உப்புக் காற்றில் மறைப்புக் கட்டி, மாலுமிகளின் குடிதண்ணீரில் பங்கு கொடுத்துத்தான் காப்பாற்ற வேண்டும்.

1796-இல் ஆங்கிலேயர் மொலுக்கஸ் தீவுகளை டச்சுக்காரரிடமிருந்து பிடித்தார்கள். திரும்பக் கொடுக்கவேண்டி வருவதற்குள், கும்பினியின் தாவர நிபுணர் கிறிஸ்டபர் ஸ்மித் ஆயிரக்கணக்கான கிராம்பு, ஜாதிக்காய் நாற்றுகளைச் சேகரித்துக் கப்பலேற்றினார். 1800-ஐ ஒட்டிக் குற்றாலத்தில் கும்பினியின் வாசனைத் திரவியத் தோட்டம் ஏற்பட்டது. கிராம்பு இந்தியாவில் காலூன்றிய கதை அங்கே ஆரம்பமாகிறது. 1850-க்குப் பிறகு நீலகிரிக்கும் தெற்குத் திருவிதாங்கூர் மலைகளுக்கும் அது பரவிற்று. இன்று கன்னியாகுமரி ஜில்லாவின் மலைக் கிராம்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. 'இந்த மண்ணுக்கே உரியது' என்று முத்திரை குத்திக் கொடுக்கும் சாஸனம் அது. கடல் கடந்து வந்த நாற்றின் பேரப்பிள்ளைகளுக்கு இதைவிட வேறென்ன கௌரவம் வேண்டும்?

குற்றாலம் எப்படி மொலுக்கஸுக்கு ஈடாயிற்று என்று கேட்கலாம். முழு ஈடு அல்ல. கோடையின் வறட்சி இங்கே உண்டு. ஆனால் ஆனி, ஆடியில் மலைக் கணவாய் வழியாக மேல்காற்றோடு வரும் சாரல்; ஐப்பசி, கார்த்திகையில் கீழ்காற்று மழை; மலைச் சரிவின் நிழல்; வற்றாத ஓடை. இவ்வளவும் சேர்ந்து, தூங்கத் தெரியாத விதைக்குத் தூங்க வேண்டிய அவசியமில்லாத ஓர் இடத்தைக் கொடுத்தன. மிச்சத்தை மனிதன் குடத்தால் ஊற்றி நிரப்பினான்.

கிராம்பின் விஷயம் இன்னும் விசித்திரம். நாம் வாங்கும் கிராம்பு விதையல்ல, விரியாத மொட்டு. மொட்டைப் பறிக்காமல் விட்டால்தான் பூத்து, கருஞ்சிவப்பாக ஒரு பழம் ஆகும். அதற்குள்ளே ஒரே விதை. பழத்தை இரவு முழுவதும் நீரில் ஊறவிட்டுத் தோலை நீக்கி, ஒரு வாரத்துக்குள் விதைக்க வேண்டும். ஆகவே ஒரு நாற்று வேண்டுமென்றால், ஒரு கிராம்பை விலைக்கு விற்காமல் விட்டுக்கொடுத்தாக வேண்டும். முதல் மொட்டைப் பார்க்க ஏழெட்டு வருஷம் ஆகும். குற்றாலத்துச் சரிவுகளில் யார் யாரோ இப்படி விட்டுக்கொடுத்து, பொத்திப் பொத்தி வளர்த்ததனால்தான் இன்று மரங்கள் நிற்கின்றன. கும்பினி போய்விட்டது. குடம் சுமந்தவர்கள் பெயர் எந்தத் தஸ்தாவேஜிலும் இல்லை.

எட்டு வருஷத்துக்கு முன், ஒரு ஆடி மாதம், குற்றாலத்துத் தோட்டம் ஒன்றில் வேலை செய்யும் நண்பர் பிளந்த ஜாதிக்காய்ப் பழம் ஆறு கொண்டுவந்து கொடுத்தார். அன்று மாலையே மணலும் மட்கிய சாணமும் கலந்து இரண்டு அங்குல ஆழத்தில் விதைத்து, தென்னங்கீற்றால் நிழல் போட்டேன். ஒரு மாதம் சலனமே இல்லை. நாற்பத்தெட்டாம் நாள் மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு தடித்த செங்குருத்து வந்தது. பின்னும் இரண்டு வாரத்துக்குள் மொத்தம் நான்கு. ஒன்றை ஆடு மேய்ந்தது. ஒன்று முதல் சித்திரையைத் தாண்டவில்லை. மிஞ்சிய இரண்டையும் தென்னைகளுக்கு நடுவே வைத்தோம். எங்கள் ஊர் குற்றாலத்தைவிட வறண்டது. கோடையில் காலையும் மாலையும் தண்ணீர், அடியில் தென்னைமட்டை மூடாக்கு, மேற்கு வெயிலுக்கு நனைத்த சாக்கு. ஐரிஸுக்கு என்னால் குளிர்காலமாக இருக்க முடியவில்லை. ஜாதிக்காய்க்கு மழையாக இருக்க முடிந்தது. அதிலும் என் பங்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். மற்ற ஆறு நாளும் மழையாக இருந்தவள் என் தாயார்.

ஜாதிக்காயில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதை முளைத்த நாற்றில் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி ஆணாகவே போகும். பூக்கும் வரையில், அதாவது ஐந்து முதல் எட்டு வருஷம் வரையில், எது எதுவென்று கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. பக்கத்திலே மங்குஸ்தானைப் பாருங்கள்! குற்றாலத்துச் சீசனில் கடைகளில் குவியும் அந்தப் பழத்தின் விதைக்குத் தகப்பனே தேவையில்லை. மகரந்தம் சேராமலே விதை உண்டாகிறது. முளைக்கும் செடி தாயின் அச்சு. ஆனால் வளர்வதில் அதற்கு இணையான சோம்பேறி கிடையாது. காய்க்கப் பத்து வருஷத்துக்கு மேலும் ஆகும். ஒன்றுக்குச் சந்தேகம், ஒன்றுக்குத் தாமதம்; விதையிலிருந்து வளர்ப்பவனுக்கு இரண்டில் ஒன்று நிச்சயம்.

சென்ற வருஷம் எங்கள் மரங்களில் ஒன்று பூத்தது. சிறு மணிகளைப் போல வெளிர் மஞ்சள் பூக்கள், கொத்துக் கொத்தாக. பெண் பூ இவ்வளவு கொத்தாக வருவதில்லை. பள்ளிக்கூடத்து லென்ஸைக் கொண்டுவந்து ஒன்றைப் பிளந்து பார்த்தேன். நடுவே மகரந்தத் தூண்தான் இருந்தது, சூலகம் இல்லை. ஆண் மரம்.

அண்டை அயலார் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். "காய்க்காத மரத்துக்கு எட்டு வருஷம் தண்ணி சுமந்தீங்களே, வெட்டிட்டு ஒட்டுக்கன்னு வைங்க" என்றார் ஒருவர். அவர் சொன்னதிலும் நியாயமுண்டு. பெண் மரத்திலிருந்து ஒட்டுக்கட்டிய கன்றுகள் நாற்றுப் பண்ணைகளில் கிடைக்கின்றன. விலை கொடுத்தால் சந்தேகமே இல்லாமல் காய்க்கும் மரம் வந்து சேரும். எழுபத்தெட்டு வயதாகும் என் தாயாரை எண்ணிப் பார்த்தால் எனக்கே அந்தப் பக்கம் மனம் சாய்ந்தது. புது ஒட்டுக்கன்று நாலைந்து வருஷத்தில் காய்க்கும். காயாத மரத்தைப் பார்த்துக்கொண்டே அவளை உட்கார வைப்பதா?

தாயாரிடம் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள். "ஏ ஐயா, ஆம்பளை மரம்னு இதை வெட்டிட்டா, அடுத்தது பொம்பளையா இருந்தா எப்பிடிக் காய்க்கும்?"

தாவர சாஸ்திரமும் அதையேதான் சொல்லுகிறது. பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரமாவது நிற்க வேண்டும் என்பது தோட்டக்காரர் கணக்கு. சுற்று வட்டாரத்தில் எங்கள் தெருவுக்கு இது ஒன்றே. பிறகு சற்று நேரம் கழித்து, "நான் பாக்கணும்னா வச்சேன்? வச்சாச்சு, தண்ணி ஊத்துதேன்" என்றாள். மரம் நிற்கிறது. இரண்டாவது இன்னும் பூக்கவில்லை.

இப்போதெல்லாம் பரீட்சை முடிந்ததும் பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருகிறார்கள். எந்தக் கோர்ஸில் சேர்க்கலாம், எந்த ஊருக்கு அனுப்பலாம் என்பது கேள்வி. ஒரே வீட்டில் பிறந்த இரு பிள்ளைகளில் ஒன்று ஐரிஸாகவும் மற்றது ஜாதிக்காயாகவும் இருப்பதை நான் கண்டிருக்கிறேன். ஒன்றை எழுப்ப முயன்று பயனில்லை. தன் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் தானே எழுந்திருக்கும். மற்றதை 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று அலமாரியில் வைத்தால் உலர்ந்து போகும். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிப் பழுப்பு விதைகள்தாம். எது எது என்று அறிவதற்கு, அது எங்கிருந்து வந்தது என்று அறிய வேண்டும். வீட்டுக்கு ஒரு தடவையாவது போகாத உபாத்தியாயருக்கு இது தெரிய வழியில்லை.

வாசகர்களில் பலர் சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருவீர்கள். அருவியில் குளித்துவிட்டுத் திரும்பும்போது, தோட்டத்தில் தெரிந்தவர் எவரேனும் இருந்து புதிதாய்ப் பிளந்த ஜாதிக்காய்ப் பழம் ஒன்று கிடைத்தால், கொட்டையைக் குலுக்கிப் பாருங்கள். ஓசை வந்தால் அது மருந்துக்கு ஆகும். ஓசை வராவிட்டால் ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு போய், வீடு சேர்ந்த அன்றே நிழலான மூலையில் விதையுங்கள். அது நமக்காகக் காத்திராது. நாம்தான் எட்டு வருஷம் அதற்காகக் காத்திருக்க வேண்டும்.